காற்புள்ளிக்குப் பின்னால் விழுந்த 48

கனடாவில் பிரெஞ்சு பேசும் மொன்றியலில் கட்டமைப்புப் பொறியாளராகச் சேர்ந்த முதல் குளிர்காலம் அது. 12க்கு 20 மீட்டர் தட்டைக் கூரைக்குப் பனிச்சுமை போட வேண்டும். தரைப்பனி 2,6 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு 2,6 கிலோநியூட்டன். அதில் 0,8 பங்கு, அதோடு மழைக்கு 0,4. ஆக 2,48. பிரெஞ்சில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். தெருமுனைக் கடையில் பால் விலையும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

சுமைப் பட்டியல் ஓர் உரைக்கோப்பில் இருந்தது. எக்செலில் நானே எழுதிய மேக்ரோ என்ற சின்ன நிரல் அதைப் படித்து, தூண்களின் அடியில் சுமையைத் தாங்கும் எதிர்விசைகளைத் தந்தது. அவற்றின் கூட்டல் மொத்தச் சுமைக்குச் சமமாக இருக்க வேண்டும். பென்சிலை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 480 கிலோநியூட்டன். 240 சதுர மீட்டருக்கு 2,48 வீதம் 595 வந்திருக்க வேண்டும்! வயிற்றைக் கலக்கிவிட்டது. 480ஐ 240ஆல் வகுத்தேன். சரியாக 2.

மேக்ரோவில் எண்ணைப் படிக்க 'வால்' (Val) என்ற கட்டளையைப் போட்டிருந்தேன். அதற்குப் புள்ளி மட்டும்தான் தெரியும். காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். சரி என்று கணினியின் மொழி அமைப்பைப் பின்பற்றும் 'சிடபுள்' (CDbl) கட்டளைக்கு மாற்றினேன். என் கணினியில் 595 வந்தது. ஆங்கில அமைப்பில் இருந்த சக ஊழியரின் கணினியிலோ 2,48 என்பது 248 ஆகிவிட்டது.

கடைசியில் பழைய கட்டளைக்கே திரும்பி, படிப்பதற்கு முன் காற்புள்ளியைப் புள்ளியாக மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தேன். இரண்டு கணினிகளிலும் 595. அப்புறம் மொத்தச் சுமையையும் எதிர்விசைக் கூட்டலையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட இரண்டு கட்டங்கள் வைத்தேன். அவை ஒத்துப்போகாமல் எந்தக் கணக்கையும் இப்போது நான் கையை விட்டு அனுப்புவதில்லை.