தீபாவளிக்கு முந்தின சாயங்காலம்: குடியை விட்டவர்கள் சறுக்கும் இடங்கள்

குடியை நிறுத்தி மூன்று நான்கு மாதம் ஆனவர்கள் தீபாவளி அன்றைக்கு எப்படிச் சமாளிப்பது என்றுதான் யோசிக்கிறார்கள். கவலைப்பட வேண்டியது அதற்கு முந்தின நாளைப் பற்றி. தீபாவளி காலையில் எண்ணெய்க் குளியல், இட்லி, கறிக்குழம்பு, வீடு நிறைய ஆட்கள் என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. முந்தின நாள் அப்படியில்லை. கையில் போனஸ், வேலை அரை நாளோடு முடிந்துவிடும், ஊருக்குப் போக பஸ் நிலையத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பு, மதியச் சாப்பாடு சரியாக இல்லை. டாஸ்மாக் கடை பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை திறந்திருக்கும். அந்தப் பத்து மணி நேரத்தில் எங்கே, யாரோடு இருக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்யாததுதான் முதல் தவறு.

போனஸ் வந்த அன்றே வீட்டுக்காரம்மாவின் கணக்குக்கோ அம்மாவின் கணக்குக்கோ போய்விட வேண்டும். பர்ஸை மட்டும் காலி செய்துவிட்டு, போனில் பணம் அனுப்பும் வசதியை அப்படியே வைத்திருந்தால் பயனில்லை. நாலு பேர் சேர்ந்து காரில் ஊருக்குப் போகும் திட்டத்தையும் யோசித்துத்தான் ஏற்க வேண்டும்: “ஆளுக்கு ஐந்நூறு போடுங்கப்பா” என்று ஒருவர் ஆரம்பித்தால் நடுவழியில் இறங்க முடியாது. பஸ்ஸோ ரயிலோ நல்லது.

வயிறு காலியாக இருக்கும்போது வரும் படபடப்பைப் பலர் குடி ஆசை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் 5 மணிக்குள் நாலு இட்லியோ ஒரு பிளேட் சாப்பாடோ உள்ளே போயிருக்க வேண்டும். ஆசை வந்தாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தணிந்துவிடும். அந்த அரை மணியை உட்கார்ந்து யோசித்துக் கழிக்கக் கூடாது. இடத்தை மாற்றி நடக்க வேண்டும், டீ குடிக்க வேண்டும், விஷயம் தெரிந்த ஒருவருக்குப் போன் போட வேண்டும். யாருக்கு என்பது முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

“பீர்தானே” என்பது அடுத்த சறுக்கல். கணக்கைப் பாருங்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் அதில் 52 மில்லி ஆல்கஹால். ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி பிராந்தி, 42.8 சதவீதத்தில் 38.5 மில்லிதான். பீர் என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர் ஒரு கட்டிங்கைவிடக் கூடுதலாகவே குடிக்கிறார்.

“நான் சும்மா உட்கார்ந்திருக்கேன், நீங்க அடிங்க” என்பதும் வேண்டாம். மூடி திருகும் சத்தம், பிளாஸ்டிக் டம்ளர், மிளகுத்தூள் தூவிய அவித்த முட்டை: இவையே மூளைக்கு மணியடித்துவிடும். அடுத்தவருக்கு ஊற்றிக் கொடுக்கும் வேலை அதைவிட மோசம். போயே ஆக வேண்டிய வீடென்றால் சாப்பாட்டு நேரத்துக்குப் போய், இலையை எடுத்ததும் கிளம்ப வேண்டும், சொந்த வண்டியில். குளிர்பானத்தை நீங்களே மூடி திறந்து ஊற்றிக்கொள்ளுங்கள். விளையாட்டு என்று நினைத்துக் கலந்து கொடுக்கும் மச்சான்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வற்புறுத்துகிறவரிடம் காரணம் சொல்லாதீர்கள். “லிவர் சரியில்ல” என்றால் “ஒரு கட்டிங்குல என்ன ஆயிடப் போவுது” என்று பதில் தயாராக இருக்கும். “விட்டுட்டேன் மாமா, எனக்கு டீ சொல்லுங்க” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மறுபடி கேட்டால் அதையே மறுபடி சொல்லலாம்.

கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் கதை தனி. 41 நாளோ 48 நாளோ ஒருவர் குடிக்காமல் இருந்தது பெரிய விஷயம்தான். ஆனால் மாலை கழற்றும் தேதி காலண்டரில் இருக்கிறது, மனதும் அதற்காகக் காத்திருக்கிறது. மலைக்குப் போகும் முன்பே, திரும்பி வந்த அடுத்த வாரத்துக்கு ஆலோசகரையோ டாக்டரையோ பார்க்க நாள் குறித்துவிட வேண்டும்.

இதில் உயிராபத்து வேறு இருக்கிறது. தினமும் குவார்ட்டருக்கு மேல் குடித்து வந்தவர், காலையிலேயே கை நடுங்குகிறவர், மாலை போட்ட அன்றே ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதது கண்ணில் தெரியலாம், பிதற்றலாம், வியர்த்துக் கொட்டலாம். சாமி வந்துவிட்டது என்றோ காற்று கருப்பு என்றோ நினைத்துக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனால் நேரம் போய்விடும். 108 கூப்பிட வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வருவதும் தவறு. நாள்பட்டுக் குடித்தவருக்கு வைட்டமின் பி1 குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனால் மாத்திரையோடு பாதுகாப்பாக நிறுத்தலாம்.

குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்பிராம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த மருந்தின் வேலை இரண்டு வாரம் வரை உடம்பில் நிற்கும். குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகும். சில இருமல் சிரப்பிலும் எல்லா அரிஷ்டத்திலும் ஆல்கஹால் உண்டு. தீபாவளி அஜீரணத்துக்கு அரிஷ்டம் குடித்தாலும் இதே கதைதான். டைசல்பிராம் மாத்திரையைக் குடிக்கிறவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் வீடுகளும் இருக்கின்றன. மனைவியின் தவிப்பு புரிகிறது. ஆனால் விஷயம் தெரியாத மனிதர் வழக்கம்போல் குவார்ட்டர் அடித்தால் உயிரே போகலாம்.

வீட்டார் செய்யும் இன்னொரு தவறு, சொந்தபந்தங்கள் நடுவில் “இன்னைக்காவது ஒழுங்கா இரு” என்பது. ஆறு மாதமாக ஒழுங்காக இருப்பவருக்கு அது அவமானம். சட்டைப்பையைத் துழாவுவதும் அப்படித்தான்.

பொங்கலுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. மாட்டுப் பொங்கலன்று திருவள்ளுவர் நாள், கடை லீவு. அதனால் முந்தின நாளே பாட்டில்கள் வாங்கி வீட்டில் வைப்பார்கள். “பங்காளிக்குத்தான், உன் பீரோவில் இருக்கட்டும்” என்றால் மறுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு டம்ளர் குடித்துவிட்டால்? “போச்சு, இனி பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம்” என்று நினைப்பதுதான் அந்த டம்ளரைவிடப் பெரிய சேதம். மாதக்கணக்கில் நிறுத்திய உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. முன்பு சாதாரணமாக அடித்த அளவே இப்போது மட்டையாக்கி, படுத்தபடி வாந்தி எடுத்து மூச்சடைக்கும் அளவுக்குக் கொண்டுபோகலாம். இரண்டாவது டம்ளருக்கு முன் எழுந்து, சாப்பிட்டு, வண்டி ஓட்டாமல் வீடு போய்ச் சேருங்கள். விடிந்ததும் டாக்டருக்கோ ஆலோசகருக்கோ உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். லீவு நாளில் யாரும் கிடைக்கவில்லை என்றால் மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவிக்கு 14446.