நடனக் கல்லூரித் தேர்வுக்குச் செல்லும் முன்

பிளஸ் டூ முடித்த பின் பரதநாட்டியத்தையே கல்லூரிப் படிப்பாக எடுக்க விரும்பும் பிள்ளைகள் சிலர் ஆண்டுதோறும் தருமபுரியில் நான் நடத்தும் வகுப்புக்கு ஆலோசனை கேட்டு வருகிறார்கள். பள்ளி ஆண்டு விழாவிலும் போட்டிகளிலும் வாங்கிய சான்றிதழ்களைத் தடித்த கோப்பாகக் கட்டி எடுத்துவருவார்கள். அந்தச் சான்றிதழ்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் தேர்வுக் குழுவின் முன் அந்தக் கோப்பு ஓரமாகவே இருக்கும் என்பதையும், அரைமண்டியில், அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிய பாதி அமர்வில், எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, தாளம் கையில் நிற்கிறதா என்பவற்றையே அவர்கள் முதலில் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா சென்னை திருவான்மியூரில் உள்ளது. அங்கே பரதத்துக்கு 4 ஆண்டு டிப்ளமோ உண்டு. சென்னையில் உள்ள அரசு இசைக் கல்லூரி, 2013-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. டிப்ளமோவும் பட்டமும் ஒன்றல்ல. பின்னாளில் முதுகலைப் படிப்புக்கோ ஆசிரியர் பணிக்கோ போக நினைப்பவர்கள், தாங்கள் சேரப்போகும் படிப்பு அதற்குத் தகுதியாக ஏற்கப்படுமா என்று கல்லூரி அலுவலகத்திலேயே நேரில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விண்ணப்ப நாள் வேறுபடுவதால், பிளஸ் டூ முடிவு வரட்டும் என்று காத்திராமல், ஜனவரியிலிருந்தே அவற்றின் இணையதளங்களைப் பார்த்துவர வேண்டும்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதால், பள்ளியில் படித்ததற்கான ஆதாரங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

இனித் தேர்வுக்கான பயிற்சிக்கு வருகிறேன். இதற்கு ஓராண்டாவது வேண்டும். பரதத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளைத் தட்டடவு, நாட்டடவு தொடங்கித் தீர்மான அடவுகள் வரை எல்லாவற்றையும் மூன்று காலங்களிலும், அதாவது மெதுவாகவும், அதன் இரு மடங்கு, நான்கு மடங்கு வேகத்திலும் செய்துகாட்டத் தெரிந்திருக்க வேண்டும். முதல் காலத்தில் அழகாக உட்கார்ந்து ஆடும் பிள்ளை, மூன்றாம் காலம் வந்ததும் தன்னையறியாமல் எழுந்துவிடும். வேகத்தைப் பிடிக்கும் அவசரத்தில் முழங்கால் நிமிர்ந்துவிடுவதே காரணம். இதைக் கண்டுபிடிக்க நடனம் தெரிந்தவர் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. பிள்ளையைச் சுவரோரமாக அரைமண்டியில் உட்காரவைத்து, உச்சந்தலை மட்டத்தில் சுவரில் ஒரு கரிக்கோடு போடுங்கள். பிறகு அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்று மூன்று காலமும் ஆடச் சொல்லி, தலை கோட்டுக்கு மேலே எந்த இடத்தில் போகிறது என்பதை அம்மாவோ தம்பியோ எதிரே உட்கார்ந்து கவனித்தாலே போதும். என் மாணவி ஒருத்தியின் பாட்டி, சுண்டல் கடலை ஆய்ந்தபடியே இதைப் பார்த்து, "இப்ப ஏறிட்ட, உக்காரு" என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லித் திருந்தாதது அவர் சொல்லித் திருந்தியது.

பதிவு செய்த பாட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் அழைத்துச் சென்ற பெண் ஒருத்தி, கைப்பேசியில் இருந்த தில்லானா என்ற நடனப் பாட்டுக்கு ஆடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே குழுவில் இருந்த ஆசிரியை பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, தாளம் தட்டும் மரக் கழியான தட்டுக்கழியைக் கையில் எடுத்தார். ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டே அடவின் சொல்லை வாயால் சொல்லிக்காட்டச் சொன்னார். "தையா தை" என்று ஆரம்பித்தவள் இரண்டாவது ஆவர்த்தத்திலேயே (தாளச் சுற்றிலேயே) தாளத்தை விட்டுவிட்டாள். அவளுக்கு அதைப் பழக்காதது என் தவறுதான். அன்றிலிருந்து என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஆடுவதற்கு முன் தாளம் போட்டுச் சொல்லைச் சொல்லியே தீர வேண்டும்.

அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூல் சொல்லும் 28 ஒற்றைக்கை முத்திரைகளையும் அவற்றின் பயன்பாட்டையும் மனப்பாடமாக வைத்திருங்கள். பாடச் சொல்லிச் சுருதி ஞானத்தைப் பார்ப்பதும் உண்டு; எளிய கீர்த்தனை ஒன்றைச் சுத்தமாகப் பாடிப் பழகினால் போதும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகள் அதை மறைக்க வேண்டியதே இல்லை. நடனத்துக்குப் பாடப்படும் க்ஷேத்ரக்ஞரின் பதங்களும் வர்ணங்களில் பலவும் தெலுங்கில் இருப்பதால், பொருள் உணர்ந்து அபிநயம் பிடிப்பது அவர்களுக்கு எளிது.

தேர்வுக்குப் பருத்தியில் தைத்த நடனப் பயிற்சிப் புடவையே ஏற்றது. நீண்ட சுடிதார் முழங்காலை மறைப்பதால் நல்ல அரைமண்டியும் கண்ணில் படாமல் போகும். நகையும் ஒப்பனையும் தேவையில்லை. தருமபுரியிலிருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர் தொலைவு. இரவெல்லாம் பேருந்தில் கால் மடக்கி உட்கார்ந்து போய், விடிந்ததும் அரைமண்டி போட்டால் தொடை நடுங்கும். எனவே முதல் நாளே மொரப்பூரிலோ ஜோலார்பேட்டையிலோ ரயில் ஏறிச் சென்று தங்கிவிடுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால், எந்த இடத்தில் குறை இருந்தது என்று குழுவிடம் பணிவாகக் கேளுங்கள், பலர் சொல்லிவிடுவார்கள். அடுத்த முறைக்குள் அடித்தளத்தை உறுதிப்படுத்திக்கொள்ளக் கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. அங்கே பரதம் 3 ஆண்டுச் சான்றிதழ்ப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. தாளத்தை விட்ட அந்தப் பெண், திரும்பி வரும் ரயிலிலேயே நோட்டில் "கைத்தாளம், மூன்றாம் காலம், முழங்கால்" என்று மூன்றே வரி எழுதிவைத்துக்கொண்டாள். மறு ஆண்டு அதே குழுவின் முன் தட்டுக்கழிக்கு ஆடி இடம் வாங்கினாள்.