இன்குபேட்டர் குஞ்சைச் சேவலோடு விடுவதற்கு முன்னால்

தாய்க்கோழியோடு சுற்றும் நாலு நாள் குஞ்சு சேவலின் காலுக்கடியில் புகுந்து ஓடும். சேவல் கண்டுகொள்ளாது. இதைப் பார்த்துப் பழகியவர்கள்தான் இன்குபேட்டர் குஞ்சுகளையும் அதே முற்றத்தில் திறந்துவிடுகிறார்கள். அங்கே சேவலை அடக்கி வைத்திருந்தது, இறக்கையை விரித்துக்கொண்டு பாயத் தயாராக நின்ற தாய். இன்குபேட்டர் குஞ்சுக்கு அந்தக் காவல் கிடையாது. கூட்டத்துக்கு அது தீவனத்தில் பங்கு கேட்டு வந்த அந்நியன்.

பல்புச் சூடு தேவைப்படும் வயதில் விடக்கூடாது, பூனை, கீரிக்குப் பயந்து வளர்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் தவறுவது கீழே சொல்லும் இடங்களில்.

ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டில் விடுவது

"இருட்டுல கோழிக்குக் கண்ணு தெரியாது, உள்ள விட்டுட்டா காலையில தன் கூட்டம்னு நினைச்சுக்கும்." யார் கிளப்பிவிட்டார்களோ, புதிதாக வளர்ப்பவர்கள் இன்றும் முதலில் செய்வது இதைத்தான். வளர்ந்த பெட்டையைப் பெட்டைகளோடு சேர்க்க இது ஓரளவு கைகொடுக்கும். குஞ்சுக்கு ஆகவே ஆகாது.

விடியற்காலை ஐந்து மணிக்கே சேவல் பரணிலிருந்து இறங்கிவிடும். நீங்கள் கதவைத் திறப்பது ஆறரைக்கு. இடையில் உள்ள ஒன்றரை மணி நேரத்தில்தான் எல்லாம் நடக்கும். கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு தலையில் ஒரு கொத்து. குஞ்சு மூலைக்கு ஓடும், மற்றவையும் அதன்மேல் ஏறிக் குவியும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். ரத்தம் கசிந்துவிட்டால் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பெட்டைகளும் சேர்ந்துகொள்ளும். பல கூட்டங்களில் சேவலைவிட அவைதான் மோசம். கதவைத் திறந்தால் மண்டைத்தோல் உரிந்த இரண்டு மூன்று குஞ்சுகள் கிடக்கும். பழி சேவல்மேல் விழும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது குழம்பாகிவிடும். வெளியில் விட்டிருந்தால் அதே சேவல் நாலு எட்டு துரத்திவிட்டு மேயப் போயிருக்கும். நாலடிக்கு மூன்றடிக் கூட்டுக்குள் குஞ்சு எங்கே ஓடும்?

குஞ்சுக்கு எட்டு வாரம் ஆகட்டும். அதற்கு முன்பே, ஆறாவது வாரத்தில், முற்றத்திலேயே ஒரு பகுதியை வலை கட்டித் தடுத்துக் குஞ்சுகளை விடுங்கள். அரை அங்குலக் கண்ணுள்ள வலையாக இருக்கட்டும்; ஓரங்குலக் கண்ணில் குஞ்சு தலையை நீட்டும், சேவல் கொத்தும். வலைக்கு இரண்டு பக்கமும் தீவனத் தட்டுகளை ஒட்டி வையுங்கள். முதல் நாட்களில் சேவல் ஒரு இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு வலையோரமாகவே பக்கவாட்டில் நடக்கும். குஞ்சு எதிரில் நிற்க, சேவல் தன் பாட்டுக்குத் தலை குனிந்து பொறுக்கித் தின்றால் பழகிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் இரண்டு வாரம் பிடிக்கும்.

பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு, கூட்டம் கலைந்து மேயும் நேரத்தில் திறந்துவிடுங்கள். வலையின் அடியில் குஞ்சு நுழைகிற, பெட்டை நுழையாத ஒரு சந்து இருக்க வேண்டும். நாலங்குல அகலம் போதும். உங்கள் கூட்டத்தின் சின்னப் பெட்டையை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். குஞ்சுகளின் தீவனமும் தண்ணீரும் அந்தச் சந்துக்கு உள்ளே இருக்கட்டும். இருட்டியதும் ஒரு வாரம்வரை பழைய இடத்திலேயே அடையுங்கள்.

ஒற்றைக் குஞ்சு

விடாதீர்கள். குறைந்தது மூன்று.

முட்டைக்கோழித் தீவனத்தை எல்லாவற்றுக்கும் போடுவது

அதில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். வளரும் குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனம் போட்டுவிட்டு, கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டிய பெட்டை தின்றுகொள்ளும். சேவலுக்கும் அந்தக் கால்சியம் தேவையில்லை.

சந்தைக் குஞ்சை அன்றே சேர்ப்பது

மூன்று நாலு வாரம் தனியே தள்ளி வையுங்கள்; வேறு தட்டு, வேறு தண்ணீர். வலைக்குப் பக்கத்தில்கூட வேண்டாம். கோழிகளைக் கொல்லும் தொற்றுநோயான வெள்ளைக்கழிச்சலுக்கு வலை ஒரு தடையே இல்லை. அதற்குக் குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. ஊசி போட்ட வாரத்தில் சேர்க்காதீர்கள்.

சேவல் குஞ்சுகளை மறந்துவிடுவது

மூன்று நாலு மாதத்தில் கொண்டை சிவந்து, உடைந்த குரலில் கூவத் தொடங்கும். அன்று முதல் அது பழைய சேவலுக்கு எதிராளி. சண்டைக்கோழி இனமான அசில் ரத்தம் இருந்தால் சண்டை பாதியில் நிற்காது, விலக்கப் போகிறவர் கையிலும் சேவலின் கால்முள் பாயும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் கணக்கு. மிச்சத்தை விற்பதா, தனிக்கூட்டில் போடுவதா என்பதைக் கூவல் கேட்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.