வீட்டு வேலைக்கு ஷெட்யூல் போடுவோம் வாங்க: எம்எஸ் ப்ராஜெக்ட் முதல் பாடம்

ப்ராஜெக்ட் ஷெட்யூல்னு சொன்னதும் நிறைய பேர் எக்செல்லைத்தான் திறக்கறாங்க, ஒரு பக்கம் வேலை பேரு, பக்கத்துல ஆரம்பிக்கிற தேதி, முடியிற தேதி, அப்புறம் கலர் அடிச்ச கட்டம். முதல் வாரம் பார்க்க அழகா இருக்கும். கம்பி லோடு ரெண்டு நாள் லேட்டா வந்துச்சுன்னா அதுக்குக் கீழ இருக்கிற அத்தனை தேதியையும் ஒவ்வொண்ணா கையால மாத்தணும், யாருக்கும் பொறுமை இருக்காது, ரெண்டாவது மாசம் அந்த ஃபைலை யாரும் திறக்கவே மாட்டாங்க. ஷெட்யூலிங் சாஃப்ட்வேர் தேவைப்படுறதே இந்த இடத்துலதான். எந்த வேலைக்கு எத்தனை நாள், எது முடிஞ்சா எது ஆரம்பிக்கலாம், இந்த ரெண்டை மட்டும் நீங்க சொன்னா போதும், தேதியை அதுவே கணக்கு போட்டுத் தரும். தேதியை நீங்க டைப் பண்ணக்கூடாது, இந்த ஒண்ணு மனசுல பதிஞ்சிட்டா பாதி கத்துக்கிட்ட மாதிரி.

இங்க மைக்ரோசாஃப்ட்டோட ஷெட்யூலிங் சாஃப்ட்வேரான எம்எஸ் ப்ராஜெக்ட் டெஸ்க்டாப் வெர்ஷனை வச்சுதான் சொல்றேன். காசு செலவு பண்ண வேணாம்னா ப்ராஜெக்ட்லிப்ரேனு ஓபன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இருக்கு, எம்எஸ் ப்ராஜெக்ட் ஃபைலையும் அதுல திறக்கலாம். பெரிய பாலம், மெட்ரோ மாதிரி வேலைக்கெல்லாம் ப்ரைமவேரானு இன்னொரு சாஃப்ட்வேரைக் கேட்பாங்க, ஆனா கத்துக்க ஆரம்பிக்கும்போது அது வேணாம். எதுல பண்ணாலும் உள்ள இருக்கிற கணக்கு ஒண்ணுதான். 1950கள் கடைசியில அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனியும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து உருவாக்கின கிரிட்டிக்கல் பாத் முறைதான் இன்னிக்கும் ஓடுது, எந்தெந்த வேலை லேட்டானா கடைசி தேதியும் தள்ளும்னு கண்டுபிடிக்கிற முறை அது.

உதாரணத்துக்கு முழு வீட்டையும் எடுத்துக்கல. லிண்டல் மட்டத்துல இருந்து (லிண்டல்னா கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற கான்கிரீட் பட்டை) ரூஃப் போட்டு, உள் பூச்சு முடிச்சு, கதவு மாட்டுற வரைக்கும் மட்டும். பத்து வரிதான், ஆனா கத்துக்க வேண்டியது எல்லாமே இதுக்குள்ள வந்துரும்.

முதல்ல காலண்டர்

புது ஃபைல் திறந்ததும் வேலை பேரை அடிக்க ஓடாதீங்க. ப்ராஜெக்ட் டேப்ல ப்ராஜெக்ட் இன்ஃபர்மேஷன் போய் ஸ்டார்ட் டேட் 2026 பிப்ரவரி 2, திங்கக்கிழமைன்னு வைங்க. திட்டம் போடும்போது, லீவு நாளைத் தவிர, நீங்க கையால போடுற ஒரே தேதி இதுதான். அடுத்து அதே டேப்ல சேஞ்ச் ஒர்க்கிங் டைம். சாஃப்ட்வேர் கூட வர்ற ஸ்டாண்டர்ட் காலண்டர்ல திங்கள் டு வெள்ளிதான் வேலை நாள், சனி ஞாயிறு லீவு. நம்ம சைட்ல சனிக்கிழமை வேலை உண்டு, சம்பளமும் அன்னிக்குத்தான். அதனால ஒர்க் வீக்ஸ்ல டிஃபால்ட்டை செலக்ட் பண்ணி, டீடெயில்ஸ் அமுக்கி, சாட்டர்டேக்கு மத்த நாள் மாதிரியே 8 டு 12, 1 டு 5 போட்டு விடுங்க. பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா லீவெல்லாம் எக்ஸெப்ஷன்ஸ்ல போகும்.

இன்னொரு விஷயம், கீழ ஸ்டேட்டஸ் பார்ல நியூ டாஸ்க்ஸ் மேனுவலி ஷெட்யூல்டுன்னு இருக்கும். அதை ஆட்டோ ஷெட்யூல்டுக்கு மாத்துங்க. மாத்தலைன்னா சாஃப்ட்வேர் நம்ம வேலைக்கு தேதி கணக்கு போடாது, எக்செல் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும்.

வேலையும் நாளும்

டாஸ்க் நேம்ல தமிழ்லயே அடிக்கலாம், நான் அப்படித்தான் பண்ணச் சொல்லுவேன், ஏன்னா இதை சைட்ல படிக்கப்போறது மேஸ்திரி. ட்யூரேஷன்ல வெறும் நம்பர் அடிச்சா நாள்னு எடுத்துக்கும்.

1. லிண்டலுக்கு மேல சுவர் – 6
2. சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்குற பலகையும் முட்டும்) அடிக்கிறது – 4
3. கம்பி கட்டுறது – 3
4. எலக்ட்ரிக் பைப் போடுறது – 1
5. ரூஃப் கான்கிரீட் – 1
6. சென்ட்ரிங் பிரிக்கிறது – 2
7. உள் பூச்சு – 8
8. கதவு, ஜன்னல் செய்றது (ஆசாரி பட்டறையில) – 12
9. கதவு, ஜன்னல் மாட்டுறது – 2
10. பெயிண்டர் கிட்ட ஒப்படைக்கிறது – 0

வலது பக்க சார்ட்ல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை வரும், பத்தாவதுக்கு 0 போட்டதும் பட்டைக்கு பதிலா கருப்பு வைரம் மாதிரி ஒரு குறி வரும், அது மைல்ஸ்டோன், அதாவது ஒரு கட்டம் முடிஞ்சதுக்கான அடையாளம். நாள் கணக்கை நீங்களா யோசிச்சு போடாம மேஸ்திரியைக் கேளுங்க, ஆனா "எத்தனை நாள் ஆகும்"னு மட்டும் கேட்டா வாய்க்கு வந்த நம்பர் வரும், "எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள் வச்சு எத்தனை நாள்"னு கேளுங்க, பதிலே மாறும். வாரக் கணக்குல போடாம நாள் கணக்குலயே போடுங்க, ஏன்னா ஒரு வாரம்னு அடிச்சா சாஃப்ட்வேர் 40 மணி நேரம்னு எடுத்துக்கும், நம்ம ஆறு நாள் வாரத்துக்கு அது ஒத்து வராது.

எது முடிஞ்சா எது

இதுதான் ரொம்ப முக்கியமான இடம். ப்ரெடசெசர்ஸ்னு ஒரு கட்ட வரிசை (column) இருக்கும், ஒவ்வொரு வேலைக்கும் முன்னாடி எது முடியணுமோ அதோட வரிசை நம்பரை அதுல போடணும். ரெண்டாவதுக்கு 1, மூணாவதுக்கு 2, நாலாவதுக்கு 3, அஞ்சாவதுக்கு 4. ஏழாவதுக்கு 6. ஒன்பதாவதுக்கு 7,8 ரெண்டும், ஏன்னா பூச்சும் முடியணும், கதவும் ரெடியா வந்திருக்கணும். பத்தாவதுக்கு 9. எட்டாவதுக்கு எதுவும் வேணாம், ஆசாரி முதல் நாளே ஆரம்பிச்சுக்கலாம்.

இப்போ ஆறாவதை கவனிங்க. கான்கிரீட் போட்ட மறுநாளே சென்ட்ரிங்கைப் பிரிக்க முடியாது. நம்ம நாட்டு கான்கிரீட் வேலைக்கான விதிமுறை ஐஎஸ் 456:2000 படி, 6 மீட்டர் வரைக்கும் இருக்கிற பீமுக்கு முட்டு 14 நாள் நிக்கணும், அதுக்கு மேல நீளம்னா 21 நாள். இது ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்டுக்கு சொன்ன கணக்கு, பிபிசி (போர்ட்லேண்ட் போசோலானா) மாதிரி வேற சிமெண்ட்னா உங்க இன்ஜினியர் கூட்டிச் சொல்லலாம், அவர் சொல்றதைப் போடுங்க. இந்த காத்திருப்புக்கு பேரு லேக். ஆறாவதோட ப்ரெடசெசர்ல 5எஃப்எஸ்+14இடின்னு போடணும், எழுத்து மட்டும் இங்கிலீஷ்ல (5FS+14ed). எஃப்எஸ்னா முன்னது முடிஞ்ச பிறகு பின்னது ஆரம்பிக்கும்னு அர்த்தம். அந்த "இ" எழுத்தை விட்டுறாதீங்க. கான்கிரீட்டுக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது, லீவு நாள்லயும் அது இறுகிக்கிட்டேதான் இருக்கும். வெறும் 14டி போட்டா வேலை நாளை மட்டும் எண்ணும், 14இடி போட்டா காலண்டர் நாளை எண்ணும்.

இது சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும், கணக்கு போட்டுப் பாருங்க. நம்ம ஆறு நாள் காலண்டர்ல கான்கிரீட் பிப்ரவரி 18ல வருது, 14இடி போட்டதால சென்ட்ரிங் மார்ச் 5ல பிரிக்க ஆரம்பிக்கலாம், பூச்சு மார்ச் 16ல முடியுது, எல்லாம் முடிஞ்சு பெயிண்டர் கிட்ட மார்ச் 18ல குடுக்கறோம். காலண்டரை மாத்தாம, இடிக்கு பதிலா டி போட்டு அதே பத்து வரியை ஓட்டினா மார்ச் 30ன்னு காட்டும். வேலை அதே வேலை, ஆள் அதே ஆள், 12 நாள் சும்மா நீளுது. ஷெட்யூல் சாஃப்ட்வேரை நம்ப முடியாதுன்னு சொல்றவங்க ஃபைலைத் திறந்து பார்த்தா முக்கால்வாசி இந்த ரெண்டு செட்டிங்தான் தப்பா இருக்கும்.

தேதியைத் தொடாதீங்க

ஆசாரிக்கு 10ஆம் தேதிதான் மரம் வருதுன்னு ஸ்டார்ட் கட்டத்துல நீங்களே 10ன்னு அடிச்சா என்ன ஆகும்? ஸ்டார்ட் நோ எர்லியர் தேன்னு ஒரு கட்டுப்பாடு விழுந்துரும், இடது ஓரத்துல குட்டியா காலண்டர் ஐகான் வரும். பட்டையை மவுஸால இழுத்தாலும் அதேதான். அதுக்கப்புறம் முன்னாடி இருக்கிற வேலை சீக்கிரம் முடிஞ்சாலும் இந்த வேலை முன்னாடி வராது, அப்படியே நிக்கும். நிஜமாவே வெளிக்காரணம் இருந்தா போடலாம், மரம் வர்ற தேதி அப்படி ஒண்ணு. "அன்னிக்கு ஆரம்பிச்சா நல்லா இருக்கும்"னு நினைச்சு போடக்கூடாது. ஓரத்துல வரிசையா அந்த ஐகானா இருந்தா அந்த ஷெட்யூல் செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

சிவப்புப் பட்டை

அந்தப் பட்டை சார்ட்டுக்கு கான்ட் சார்ட்னு பேரு. கான்ட் சார்ட் ஃபார்மட் டேப்ல கிரிட்டிக்கல் டாஸ்க்ஸ்னு ஒரு டிக் இருக்கும், போடுங்க. சுவர்ல ஆரம்பிச்சு சென்ட்ரிங், கம்பி, பைப், கான்கிரீட், பிரிக்கிறது, பூச்சு, மாட்டுறதுன்னு எல்லாம் சிவப்பாகும், இதுல எது லேட்டானாலும் கடைசி தேதி தள்ளும், ஆசாரி வேலை மட்டும் நீலமாவே இருக்கும். டோட்டல் ஸ்லாக்னு ஒரு கட்ட வரிசை சேர்த்துப் பாருங்க, கடைசி தேதி தள்ளாம ஒரு வேலை எத்தனை நாள் தள்ளலாம்னு அது சொல்லும், ஆசாரிக்கு நேரா 25 நாள்னு காட்டும். முதல் நாளே ஆரம்பிச்சா பிப்ரவரி 14ல முடிச்சிருவார், கதவு தேவைப்படுறது மார்ச் 17ல. மரம் லேட்டா வந்தாலும் பதற வேணாம்னு இதுல தெரிஞ்சிடும்.

இப்போ கம்பி கட்டுறதை 3ல இருந்து 5ஆ மாத்திப் பாருங்க. கான்கிரீட் 20க்கு போகும், கடைசி தேதி மார்ச் 20 ஆகும். ஆசாரிக்கு அதே ரெண்டு நாள் கூட்டிப் பாருங்க, கடைசி தேதி அசையாது. வீட்டுக்காரர் தினமும் ஆசாரிக்கு போன் போட்டுத் திட்டிக்கிட்டு இருப்பார், ஆனா போன் போட வேண்டியது கம்பிக் கடைக்கு. இது புரியிற அன்னிக்குத்தான் இந்த சாஃப்ட்வேர் மேல நிஜமான ஆசை வரும். மாத்தினதை பழையபடி 3, 12ன்னு வச்சுக்கோங்க.

வேலை ஆரம்பிச்ச பிறகு

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ப்ராஜெக்ட் டேப்ல செட் பேஸ்லைன் குடுத்துருங்க, இப்போ இருக்கிற திட்டத்தை அது தனியா சேவ் பண்ணி வச்சுக்கும். பின்னாடி ட்ராக்கிங் கான்ட் வியூல பார்த்தா சாம்பல் கலர்ல பழைய திட்டம், அதுக்கு மேல இப்போதைய நிலைமை, எங்க நழுவுதுன்னு கண்ணுக்கே தெரியும்.

ஆள், சம்பளம், ரிசோர்ஸ் லெவலிங் (ஒரே ஆளுக்கு ஒரே நேரத்துல ரெண்டு வேலை விழாம சரி பண்றது) எல்லாம் முதல் ஷெட்யூல்ல தொடாதீங்க, அது தனிப் பாடம்.

சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கணக்கு முடிக்க வரும்போது அஞ்சு நிமிஷம் எடுத்துக்கோங்க. எது ஆரம்பிச்சது, எது முடிஞ்சதுன்னு கேட்டு அக்சுவல் ஸ்டார்ட், அக்சுவல் ஃபினிஷ் ரெண்டையும் போடுங்க, இந்த ரெண்டு கட்டத்துல மட்டும் தேதி அடிக்கலாம், ஏன்னா அது நடந்து முடிஞ்ச விஷயம். பாதியில நிக்கிற வேலைக்கு "எத்தனை சதவீதம்"னு கேட்காதீங்க, எல்லாரும் தொண்ணூறுன்னுதான் சொல்லுவாங்க. "இன்னும் எத்தனை நாள்"னு கேட்டு ரிமெய்னிங் ட்யூரேஷன்ல போடுங்க. அப்புறம் அப்டேட் ப்ராஜெக்ட்ல போய், முடியாத வேலையை இன்னிக்கு தேதிக்கு அப்புறம் தள்ளச் சொல்ற ஆப்ஷனைக் குடுங்க, இல்லைன்னா முடியாத வேலை போன வாரத்துலயே கிடக்கும்.

கடைசியா, மேஸ்திரிக்கு மொத்த சார்ட்டையும் பிரிண்ட் எடுத்துக் குடுக்க வேணாம். டேட் ரேஞ்ச் ஃபில்டர் போட்டு அடுத்த ரெண்டு வாரத்து வேலையை மட்டும் ஒரு பேப்பர்ல எடுத்து சிமெண்ட் ரூம் கதவுல ஒட்டி விடுங்க.