வளரிளம் பிள்ளைகளிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்டறியும் முறை

வளரிளம் பருவத்து மனச்சோர்வு எப்போதும் அழுத முகத்தோடு வருவதில்லை. பல பிள்ளைகளிடம் அது எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் அதற்கு 'வாய் நீண்டுவிட்டது', 'கைப்பேசி கெடுத்துவிட்டது' என்ற விளக்கங்களே முதலில் கிடைக்கின்றன. 2022ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மனச்சோர்வை உணர்வதாகத் தெரியவந்தது. ஆகவே டியூஷன் ஆசிரியரோ, கோயில் இளைஞர் பிரிவுப் பொறுப்பாளரோ, பெற்றோரோ இதைக் கேட்டறியத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் மாற்றத்தைக் கவனியுங்கள். நாள் தவறாமல் மாலையில் திடலுக்குப் பந்து விளையாடப் போனவன் இரண்டு வாரமாகப் போகவில்லை, நண்பர்கள் வாசலில் வந்து கூப்பிட்டாலும் தலைவலி என்கிறான் என்றால், மதிப்பெண் குறைந்ததைவிட அதுவே முக்கியமான செய்தி. தூக்கம், பசி, கவனம், உடல் தெம்பு ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களும், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற பேச்சும் இதில் சேரும்.

கேட்கும் இடம் கேள்வியைப் போலவே முக்கியம். தோட்டத் தொழிலாளர்களுக்கென ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஓர் அறையில் பேசுவது அடுத்த வீட்டுக்கும் கேட்கும். தாயார் பக்கத்தில் நின்றால் பிள்ளை 'ஒன்னும் இல்ல' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எனவே தனியாக, அவசரமில்லாத நேரத்தில் உட்காருங்கள். சொல்வதை மற்றவரிடம் சொல்லமாட்டேன் என்றும், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன் என்றும் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும். 'எப்படி இருக்க?' என்பதற்குப் 'பரவாயில்ல' என்றுதான் பதில் வரும்; 'நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின? நடுவுல முழிச்சியா?' என்று கேட்டால் பேச்சு நகரும்.

அதன்பின், மனச்சோர்வை அளவிட உதவும் பி.எச்.கியூ-9 என்னும் வினாத்தாளைப் பயன்படுத்தலாம். பதின்ம வயதினருக்கென்று சற்றே மாற்றி அமைத்த வடிவமும் உண்டு. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகளுக்கும் 'இல்லவே இல்லை' என்பதற்கு 0 முதல் 'கிட்டத்தட்ட தினமும்' என்பதற்கு 3 வரை புள்ளி தரப்படுகிறது. மொத்தம் 27 புள்ளிகளில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இது நோயை உறுதிசெய்யும் தீர்ப்பன்று. இரத்தச்சோகை, தைராய்டுக் கோளாறு ஆகியவையும் இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால் அவற்றை மருத்துவரே பிரித்தறிய வேண்டும். புள்ளி குறைவாக இருந்தும் பிள்ளை பள்ளிக்குப் போக மறுக்கிறது என்றால், தாளைவிடப் பிள்ளையையே நம்புங்கள்.

ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்ற பயம்தான் காரணம், ஆனால் அந்தப் பயத்துக்கு அடிப்படையில்லை. குரலைத் தாழ்த்தாமல், முகம் மாறாமல், நேராகக் கேளுங்கள். பதில் 0 அல்லாத எதுவானாலும், மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே செயல்பட வேண்டும்: பிள்ளையைத் தனியே விடாதீர்கள், களைக்கொல்லி, பூச்சிமருந்து, மாத்திரைகள் ஆகியவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள் அல்லது பூட்டி வையுங்கள், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உடனடி ஆபத்துக்கு 999ஐ அழைக்கலாம். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணும், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணும் உள்ளன. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கியதால், போலீஸுக்குப் பயந்து மறைக்கத் தேவையில்லை.

அத்தகைய ஆபத்து இல்லாத மற்றவர்கள் கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போகலாம். பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமும் பேசலாம். 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களோ' என்று பெற்றோர் கேட்கக்கூடும். மனநல மருத்துவமனை இருக்கும் அந்த ஊரின் பெயரே பேராக்கில் வசவாகிப்போனதால் வரும் கேள்வி அது; கிளினிக்கில் மருத்துவரிடம் பேசிவிட்டு அன்றே வீடு திரும்புவதுதான் பெரும்பாலும் நடப்பது என்று விளக்குங்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்ட விரும்பினால் தடுக்க வேண்டாம், ஆனால் அதற்காகக் கிளினிக் நாளைத் தள்ளிப்போட விடாதீர்கள். போகும்போது பிள்ளையின் அடையாள அட்டையான மைகார்டையும் நிரப்பிய வினாத்தாளையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் பிள்ளையிடம் தனியாகப் பேச விரும்பினால் பெற்றோர் வெளியே காத்திருக்கட்டும்.