ஏடிஎச்டியா, போன் பழக்கமா? டாக்டரைப் பார்க்கும் முன் செய்ய வேண்டியவை

ஈரோட்டில் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குகள் பார்ப்பது என் தொழில். எனக்கு ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல் தடுமாறும், சிலருக்குத் துறுதுறுப்பும் சேரும் மூளை வளர்ச்சிக் குறைபாடு) இருப்பது உறுதியானபோது வயது 41. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து பலர் போன் செய்கிறார்கள். "அக்கா, எனக்கும் எதுலயும் மனசு நிக்க மாட்டேங்குதுங்க. ரீல்ஸ்ல சொல்றது அப்படியே எனக்குப் பொருந்துது, அதுவா இருக்குமா?" அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ரீல்ஸை நிறுத்துங்கள். டிக்டாக்கில் அதிகம் பேர் பார்த்த 100 ஏடிஎச்டி வீடியோக்களைக் கனடாவில் ஆராய்ந்தார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வின்படி அவற்றில் 52 தவறான தகவல் தருபவை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடாதவர் யார்? அதெல்லாம் ஏடிஎச்டி ஆகிவிடாது.

அதற்காக "இதெல்லாம் இப்ப வந்த ஃபேஷன்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அமெரிக்காவில் 2023 கணக்குப்படி ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெரியவர்கள் தங்களுக்கு ஏடிஎச்டி இருப்பதாகத் தெரிவித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரிய வந்ததே 18 வயதுக்குப் பிறகுதான். காரணம் உண்டு. அறிகுறிகள் 7 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை, மனநலக் கோளாறுகளைக் கண்டறிய டாக்டர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு 12 வயது என்று தளர்த்தியது. கவனக் குறைவு, துறுதுறுப்பு என்ற இரண்டு பிரிவுகளில் ஏதாவது ஒன்றில் உள்ள ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தாலே பெரியவர்களுக்குப் போதும் என்றும் சொன்னது. வகுப்பில் ஓடியாடும் பையன் கண்ணில் படுவான். ஜன்னலைப் பார்த்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையை யார் கவனித்தார்கள்?

ஆகவே உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி இது: கையில் போன் வருவதற்கு முன் நான் எப்படி இருந்தேன்? திரையில் ஒரே விஷயத்தில் நிலைக்கும் நேரத்தை அளந்துவரும் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர், 2004 வாக்கில் அது சுமார் இரண்டரை நிமிடம் என்றும், பிற்பாடு 47 நொடியாகக் குறைந்துவிட்டது என்றும் கண்டார். அந்த அளவுக்கு எல்லோருக்குமே சிதறல்தான். சில வாரங்களுக்கு நோட்டிஃபிகேஷன்களை அணைத்து, வேலை நேரத்தில் போனை பீரோவுக்குள் வையுங்கள், இரவில் நன்றாகத் தூங்குங்கள். மனசு பழையபடி நின்றால் நல்லது. போன் இல்லாத நேரத்திலும் அதே தடுமாற்றம், அதுவும் சின்ன வயசிலிருந்தே என்றால், டாக்டரைப் பாருங்கள்.

போகும்போது சின்ன வயசுக்கான சாட்சியோடு போக வேண்டும். எனக்கு மிகவும் உதவியது இதுதான். பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். ராங்க் கார்டில் மார்க்கை விட்டுவிட்டு, வகுப்பு டீச்சர் எழுதியதைப் படியுங்கள். என் நான்காம் வகுப்பு கார்டில் "கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது" என்றிருந்தது. ஆறாம் வகுப்பில் வேறொரு டீச்சர், வேறு கையெழுத்து, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். டாக்டர் அந்த இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

அம்மாவிடமோ அண்ணனிடமோ "நான் சின்னதுல எப்படி இருந்தேன்?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. "நீ நல்லாத்தானடி இருந்தே" என்றுதான் என் அம்மாவும் சொன்னார். டிபன் பாக்ஸ் தொலைத்தது, கடைக்கு அனுப்பியது என்று துருவித் துருவிக் கேட்டதும் கொட்டினார்: "சீமெண்ணெய் வாங்கிட்டு வான்னு அனுப்புனா, தறிக்கூடத்துல வேடிக்கை பார்த்துட்டு வெறுங் கேனோட வந்து நின்னே. கேட்டா, எதுக்குப் போனேன்னே மறந்துபோச்சுங்கறே." அதை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டு போனேன்.

இப்போதைய நிலைக்கும் அப்படியே. "மறதி ஜாஸ்தி" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. நடப்பதை எழுதுங்கள். பில்கள் எல்லாம் 5ஆம் தேதியே மேசைக்கு வந்தாலும், 20ஆம் தேதிக்குள் போட வேண்டிய மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பியை 19ஆம் தேதி ராத்திரிதான் என்னால் தொட முடிகிறது என்று எழுதினேன். வீட்டில் நடப்பதற்குத் தனிப் பக்கம் போடுங்கள். ஆபீசில் மட்டும் தொல்லை என்றால் ஆபீசையே சந்தேகப்பட வேண்டியிருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தால்தான் ஏடிஎச்டி கணக்கில் வரும்.

தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, குறட்டையோடு கெடும் தூக்கம், பதற்றம், மனச்சோர்வு எல்லாமே இதே மாதிரி வேடம் போடும். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். ஏடிஎச்டியை நேரடியாகக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. விரிவாகப் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவான, ஆறு கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. அது சல்லடை மட்டுமே, தீர்ப்பு ஆகாது. உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் மாத்திரை எழுதுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சைக்காலஜிஸ்ட் பரிசோதிக்கலாம், பயிற்சி தரலாம். மாத்திரை எழுத சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல மருத்துவர், வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை தருவதாக முடிவானால், பிபி, இதயக் கோளாறு, வீட்டில் யாருக்காவது இதய நோய், கர்ப்பத் திட்டம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏடிஎச்டிக்குத் தரும் மெதில்ஃபெனிடேட் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, எல்லாக் கடையிலும் இருக்காது. எந்தக் கடையில் கிடைக்கும் என்று டாக்டரிடமே கேட்டுக்கொண்டு, சீட்டு தீரும் முன்பே அடுத்த அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். இன்னொரு ஏடிஎச்டி மருந்தான அட்டோமோக்ஸெட்டின் வேலை செய்ய சில வாரங்கள் ஆகும், முதல் வாரத்திலேயே கைவிட வேண்டாம். என் மாத்திரையில் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கொடுக்கவே மாட்டேன், நீங்களும் யாரிடமும் வாங்காதீர்கள்.