முதியவர்களுக்கு உதவும்போது வாழ்க்கைக் கதை கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எண்பது வயதைத் தொட்ட அண்டை வீட்டு மூதாட்டி ஒருவரை மாதந்தோறும் ரேஷன் கடைக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். ஒருமுறை கடையிலிருந்த கருவியில் ஐந்தாறு தடவை விரலை வைத்தும் அவருடைய ரேகை பதியவில்லை. "நாத்து நட்டு நட்டு ரேகையெல்லாம் தேஞ்சி போச்சு தம்பி" என்று கடைக்காரரிடம் சொன்னவர், திரும்பும் வழியில், பன்னிரண்டு வயதில் முதன்முதலாக நடவுக்கு இறங்கிய நாளைத் தாமாகவே சொல்லத் தொடங்கினார். அதற்கு முன் எத்தனையோ முறை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதிவு செய்யக் கைப்பேசியை நீட்டி, "உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க அப்பாயி" என்று நான் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் "என்னத்தச் சொல்றது, எல்லாம் பட்டாச்சு" என்பதே பதிலாக இருந்தது.

தவறு என் கேள்வியில்தான் இருந்தது. வாழ்க்கை முழுவதையும் சொல்லுங்கள் என்று கேட்டால் எங்கே தொடங்குவது என்று எவருக்கும் தெரியாது. பரணில் கிடக்கும் மரக்காலைக் காட்டி, இதில் யாருக்கு அளந்து கொடுத்தீர்கள் என்று கேட்டால், கூலியும் களமும் அளந்தவரின் முகமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

அன்பின் பெயரால் செய்யப்படும் இன்னொரு தவறு, முதியவரின் கையிலிருக்கும் வேலையைப் பிடுங்கிக்கொள்வது. "நீங்க சும்மா உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி முருங்கைக்கீரை முழுவதையும் நாமே ஆய்ந்து முடித்துவிட்டால், அவருக்குச் செய்வதற்கும் ஒன்றுமில்லை, சொல்வதற்கும் ஒன்றுமில்லை. முறத்தை இருவருக்கும் நடுவில் வைத்து ஆளுக்கொரு கொத்தாக எடுத்து உருவும்போது கண்கள் கீரையில் இருப்பதால், முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசும் செய்தியையும் ஒருவரால் சொல்ல முடிகிறது. நடுவில் வரும் மௌனமும் இருவரையும் உறுத்துவதில்லை. பழுத்த இலையைக் கிள்ளிப் போடும் அந்த விரல்கள் நின்றால், அவர் ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டார் என்று பொருள். அப்போது அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருப்பதே நல்லது.

"அது எந்த வருஷம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, படித்தவர்கள் அநேகமாக எல்லாரும் செய்யும் பிழை. டெல்டா முதியவர்களின் காலக்கணக்கு புயலாலும் மகசூலாலும் பிள்ளைப்பேற்றாலும் ஆனது. ஆனால் "புயல் அடிச்ச வருஷம்" என்று அவர்கள் சொல்லும்போது எந்தப் புயல் என்பதை நாம்தான் கண்டறிய வேண்டும். நாகைக் கரையை 1952 நவம்பர் 30 அன்றும், 1977 நவம்பர் 12 அன்றும், கஜா என்ற பெயரில் 2018 நவம்பர் 16 அன்றும் பெரும் புயல்கள் தாக்கின. எல்லாமே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வந்தவை என்பதால் மாதத்தைக் கேட்டுப் பயனில்லை. "அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?" என்று கேட்டால் விடை கிடைக்கும். என் அண்டை வீட்டு அப்பாயி, "எனக்கு முன்பல்லு விழுந்து முளைச்ச வயசு" என்றார். 1952 என்று உடனே தெளிந்தது. நந்தன வருஷம் என்று தமிழ் ஆண்டின் பெயரைச் சொல்பவர்களும் உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால், 1952இல் தொடங்கியதும் நந்தனதான், 2012இல் தொடங்கியதும் நந்தனதான். காசுக் கணக்கிலும் அவசரம் கூடாது. புதிய பைசா 1957 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் 25 பைசாவை நாலணா என்றே மக்கள் சொன்னார்கள். ஆகவே அணா என்ற சொல்லை மட்டும் வைத்து ஒரு சம்பவத்தை 1957க்கு முன்னால் தள்ளிவிடக் கூடாது.

கேட்பவர் யார் என்பதை மறப்பது, என் கருத்தில், இவற்றையெல்லாம் விடப் பெரிய தவறு. அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை அரசின் எழுத்தாளர் திட்டம் ஒன்றின் கீழ், ஒருகாலத்தில் அடிமைகளாக இருந்த முதியவர்களிடம் பேசி 2,300க்கும் மேற்பட்ட வாழ்க்கைக் கதைகள் திரட்டப்பட்டன. அவற்றில் சார்ல்ஸ்டன் நகரத்து மூதாட்டி ஒருவரை வெள்ளையர் ஒருவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் தனித்தனியே சந்தித்திருக்கிறார்கள். வெள்ளையரிடம் தம் எஜமானரை நல்லவர் என்று சொன்ன அதே மூதாட்டி, மற்றவரிடம் அடிமைகள் பட்ட அடியையும் கொடுமையையும் பேசினார். நம் ஊரிலும் இதுவே நடக்கும். பண்ணையாட்களின் பாதுகாப்புக்கென்று 1952இல், நாகையும் சேர்ந்திருந்த அன்றைய தஞ்சை மாவட்டத்துக்குத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்த மண் இது. சவுக்கடியையும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையையும் கண்ட குடும்பத்து முதியவர், மிராசுதார் வீட்டுப் பேரன் வந்து கேட்டால் "ஐயா நல்லாத்தான் வச்சிருந்தாங்க" என்றுதான் சொல்வார். அந்தப் பதிலை அப்படியே நம்பி எழுதிவிடாமல், எந்தத் தெருவிலிருந்து போய்க் கேட்டோம் என்பதையும் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

காது மந்தமானவரிடம் கத்துவதால் பயனில்லை. வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி அமர்ந்து, கீச்சென்று உயர்த்தாத தெளிவான குரலில் நிறுத்தி நிதானமாகப் பேசினாலே போதும். அவர் பேசும்போது மகனோ மருமகளோ குறுக்கே வந்து பதில் சொல்வதையும், கேட்ட கதையையே மீண்டும் சொல்லும்போது "இது முந்தியே சொன்னதுதானே" என்று நாம் தடுப்பதையும் தவிர்க்க வேண்டும். இரண்டாம் முறை சொல்லும்போது, முதல் முறை விட்டுப்போன ஒருவர் அந்தக் கதைக்குள் வருவதுண்டு.

77 புயலில் கைக்குழந்தையைப் பறிகொடுத்த ஒருவர் அதைச் சொல்லும்போது குரல் உடைந்தால், "அதெல்லாம் பழைய கதை, விடுங்க" என்று பேச்சை மாற்றுவது அவருக்கு ஆறுதலாகாது, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று துருவுவதும் முறையல்ல. பதிவை நிறுத்திவிட்டு, தண்ணீர் கொடுத்து, அருகிலேயே இருக்க வேண்டும். அன்றைக்கு அந்தப் பேச்சு அதோடு முடியட்டும்.

உதவியைக் கதைக்கு விலையாக்குவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யக் கூடாது. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தரும் நேரத்திலோ, கண்புரை அறுவை முடிந்தவருக்குச் சொட்டு மருந்து விடும் நேரத்திலோ, "இதைப் பதிவு செய்யலாமா?" என்று கேட்டால் அவரால் மறுக்க முடியாது, மறுத்தால் நாளை இவன் வரமாட்டானோ என்ற அச்சம் அவருக்கு இருக்கும். வேலையெல்லாம் முடிந்த பிறகு வேறொரு நாளில் அனுமதி கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னாலும் அடுத்த மாதம் ரேஷன் கடைக்கு வழக்கம்போல் போய் நிற்க வேண்டும்.

எழுதும்போது அவர் மொழியைத் திருத்தி நூல் நடைக்குக் கொண்டுவருபவர்கள், அறியாமலே செய்தியையும் மாற்றிவிடுகிறார்கள். கேட்ட அன்றைக்கே எழுதி, அவரிடம் படித்துக் காட்டுவது இதற்கு நல்ல மருந்து. "வயலில் வேலை செய்தேன்" என்று நான் எழுதியிருந்ததைப் படித்தபோது அப்பாயி கையை உயர்த்தி நிறுத்தினார். "வேலைன்னா வரப்பு அண்டை வெட்டுறதும் வேலைதான், அது ஆம்பளைங்க வேலை. நான் நடவுக்கும் களையெடுக்கவும் போனேன். அப்புடியே எழுது." திருத்தி எழுதி மறுபடியும் படித்தேன். சரி என்று தலையசைத்துவிட்டு, அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு வேண்டுமென்றால் வேறொரு படி எழுதிக்கொள்ளச் சொன்னார்.